விண்மீன் திரள்களின் வகை: உருவம் சொல்வது பாதி, ஓட்டம் சொல்வது மீதி

ஒரு விண்மீன் திரளைச் சுற்றிப் போய், பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. நமக்கு மிக அருகில் உள்ள பெரிய திரளான ஆண்ட்ரோமெடாவே சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அது எந்தச் சாய்வில் நம் பக்கம் திரும்பி நிற்கிறதோ, அந்தச் சாய்வில்தான் பார்த்தாக வேண்டும். வானியலாளர்கள் திரள்களை வகை பிரித்ததில் வந்த குழப்பங்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

சுருள் வடிவம் ஒன்று வானில் இருக்கிறது என்பது 1845-லேயே தெரிந்துவிட்டது. அயர்லாந்தில் ராஸ் பிரபு தன் மாளிகை வளாகத்தில் 72 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கட்டி, எம்51 என்ற மங்கலான ஒளித்திட்டைப் பார்த்துக் கையால் படம் வரைந்தார். ஆனால் அது நம் பால்வீதிக்குள் சுழலும் வாயு மேகமா, வெளியே இருக்கும் தனி உலகமா என்று அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தூரம் தெரியாதவரை அளவும் தெரியாது.

தூரத்துக்கு வழி காட்டியவர் ஹார்வர்டில் புகைப்படத் தகடுகளை ஆராய்ந்துவந்த ஹென்ரியெட்டா லீவிட். செஃபீட் என்ற வகை விண்மீன்கள் கூடிக் குறைந்து ஒளிரும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு அதிக நாள் எடுத்துக்கொள்ளும் விண்மீனின் உண்மையான பிரகாசமும் அதிகம் என்று அவர் 1912-இல் காட்டினார். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், கண்ணுக்கு எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். 1923-இல் எட்வின் ஹபிள், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையிலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமெடாவுக்குள் அப்படி ஒரு விண்மீனைப் பிடித்தார். அவருக்குக் கிடைத்த தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. இன்றைய அளவோடு பார்த்தால் பெரிய பிழைதான். ஆனாலும் பால்வீதிக்கு வெகு வெளியே இருக்கிறது என்ற முடிவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அப்புறம் வகை பிரிக்கும் வேலை. 1926-இல் ஹபிள் வெளியிட்ட பட்டியலைத்தான், சிறு மாற்றங்களோடு, இன்றும் பயன்படுத்துகிறோம். பின்னாளில் அதை இசைக்கவை போன்ற ஒரு படமாக வரைந்தார். கைப்பிடிப் பகுதியில் நீள்வட்டத் திரள்கள். வட்டமாகத் தெரிபவை ஈ0, தட்டையாக ஆக ஆக ஈ7 வரை. கவை பிரியும் இடத்தில் லென்ஸ் வடிவத் திரள்கள்: தட்டு உண்டு, சுருள் கைகள் இல்லை. ஒரு கிளையில் சாதாரணச் சுருள்கள், மறு கிளையில் நடுவில் நீளமான பட்டை உள்ள சுருள்கள். பால்வீதி இந்த இரண்டாவது ரகம். எதிலும் அடங்காதவை ஒழுங்கற்ற திரள்கள். தெற்கு வானத்து மகெல்லன் மேகங்களை அந்தக் கூட்டத்தில்தான் ஹபிள் சேர்த்தார்.

இந்த ஈ0, ஈ7 எண்களில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் இட்லி முழு வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் தட்டை. ஈ0 என்று குறிக்கப்பட்ட திரள் உண்மையிலேயே உருண்டையாக இருக்கலாம், அல்லது தட்டையான ஒன்று நமக்கு நேராக முகம் காட்டிக்கொண்டிருக்கலாம். புகைப்படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இந்தச் சந்தேகம் தீராது.

நிறம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். சூரியனைவிடப் பல மடங்கு கனமான விண்மீன்கள் நீல நிறத்தில் எரிகின்றன. எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிட்டுச் சில பத்து லட்சம் ஆண்டுகளிலிருந்து சில கோடி ஆண்டுகளுக்குள் முடிந்துபோகின்றன. வானியல் கணக்கில் அது நேற்று மாதிரி. ஆகவே ஓரிடம் நீலமாகத் தெரிந்தால், அங்கே அண்மையில் விண்மீன்கள் பிறந்திருக்கின்றன என்று பொருள். பிறப்புக்குக் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு வேண்டும். சுருள் திரள்களின் தட்டில் அது நிறைய இருக்கிறது. நீள்வட்டத் திரள்களில் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, அல்லது பல பத்து லட்சம் டிகிரிக்குச் சூடாகி எக்ஸ் கதிர் மட்டும் வீசிக்கொண்டிருக்கிறது. அதனால் அங்கே மிஞ்சியிருப்பவை வயதான, மஞ்சளும் சிவப்புமான விண்மீன்கள்.

சுருள் கைகள் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். கைகள் விண்மீன்களால் ஆன நிலையான கட்டமைப்பு என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். உள்ளே இருப்பவை ஒரு சுற்றைச் சீக்கிரம் முடிக்கின்றன, வெளியே இருப்பவை தாமதமாக முடிக்கின்றன. சில சுற்றுகளிலேயே கைகள் இறுகச் சுருண்டு காணாமல் போயிருக்க வேண்டும். நம் சூரியனே ஒரு சுற்றுக்குச் சுமார் 23 கோடி ஆண்டு எடுத்துக்கொண்டு இதுவரை இருபது தடவை சுற்றி வந்திருக்கிறது. 1964-இல் சி.சி. லின், ஃபிராங்க் ஷூ இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். கை என்பது தட்டின் ஊடே நகரும் அடர்த்தி அலை. விண்மீன்கள் அதற்குள் நுழைந்து வெளியேறுகின்றன, வாயு அங்கே நெருக்கப்பட்டுப் புது விண்மீன்கள் பிறக்கின்றன. எல்லாச் சுருள்களுக்கும் இது பொருந்துவதில்லை. சிலவற்றில் கைகள் துண்டு துண்டாகத் தோன்றி மறைவதாகவே தெரிகிறது.

சரி, உருவம் ஏமாற்றும் என்றால் எதை நம்புவது? ஓட்டத்தை. திரளிலிருந்து வரும் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய கோடுகள் தெரியும். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் விழும். அந்த வாயு நம்மை நோக்கி விநாடிக்கு 200 கி.மீ. வேகத்தில் வந்தால், கோடு நீலப் பக்கம் 0.44 நானோமீட்டர் நகரும். விலகிப் போனால் அதே அளவு சிவப்புப் பக்கம். இத்துணூண்டு நகர்வைத்தான் அளக்கிறார்கள். 1912-லேயே வெஸ்டோ ஸ்லைஃபர் இந்த முறையில், ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி விநாடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் வருவதைக் கண்டுபிடித்தார். அது ஒரு திரள் என்பதே அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது!

அவர் காலத்தில் ஒரு கீற்றளவு இடத்துக்குத்தான் ஒரு நேரத்தில் நிறமாலை எடுக்க முடியும். இப்போது திரளின் படத்தை நூற்றுக்கணக்கான புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறமாலையை ஒரே நேரத்தில் எடுக்கும் கருவிகள் இருக்கின்றன. ஸ்பெயினின் லா பால்மா தீவில் இயங்கிய சௌரான் என்ற கருவி அப்படிப்பட்டது. அதைக் கொண்டு நீள்வட்டம், லென்ஸ் என்ற இரு வகைகளையும் சேர்ந்த 260 திரள்களை ஆராய்ந்தார்கள். விண்மீன்கள் கண்ட திசையில் ஓடும் குழப்பக் கூட்டங்கள் என்று கருதப்பட்ட நீள்வட்டங்களில் பலவற்றில், ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் ஒழுங்காகச் சுழல்வது தெரிந்தது. மொத்த 260-இல் 86 சதவீதம் இப்படிச் சுழல்பவை. ஹபிள் நீள்வட்டம் என்று எழுதிவைத்த பெட்டியில் மறைந்திருந்த தட்டுகள் எத்தனை என்று பாருங்கள். என்னைக் கேட்டால், ஹபிளின் படத்துக்குப் பிறகு வகைப்பாட்டில் நடந்த பெரிய திருத்தம் இதுதான்.

ரேடியோ அலையில் பார்த்தால் இன்னொரு எல்லை விரிகிறது. குளிர்ந்த ஹைட்ரஜன் அணு 21 செ.மீ. அலைநீளத்தில் மெலிதாகப் பேசும். புனே அருகே கோடாதில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட ஜி.எம்.ஆர்.டி. என்ற ரேடியோ தொலைநோக்கி இதைக் கேட்கக்கூடிய கருவிகளில் ஒன்று. ஒளியில் தெரியும் விளிம்பைத் தாண்டியும் திரளின் வாயு வெகுதூரம் பரவியிருக்கிறது. அந்த வெளிவாயுவின் வேகம் குறையவே இல்லை என்பதுதான் ஆச்சரியம். வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் ஆண்ட்ரோமெடாவின் சுழற்சியை ஒளியில் அளந்து வெளியிட்டார்கள்; ரேடியோ அளவீடுகளும் அதே பக்கம் கை காட்டின. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும்தான் என்றால், வெளியே போகப்போக வேகம் குறைந்தாக வேண்டும். குறையாததால், ஒளி வீசாத ஏதோ ஒரு பொருள் திரளைச் சூழ்ந்திருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. கரும்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அது எதனால் ஆனது என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஹபிளின் படத்தை இடமிருந்து வலமாகப் படித்து, நீள்வட்டம் முதிர்ந்து சுருளாகிறது என்று நினைத்தவர்கள் உண்டு. நடப்பது ஏறத்தாழ எதிர்த்திசையில். 1972-இல் அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் இரண்டு சுருள்களைக் கணினியில் மோதவிட்டுப் பார்த்தார்கள். விண்மீன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் அவை ஒன்றோடொன்று முட்டுவதில்லை; ஆனால் ஈர்ப்பு விசை தட்டுகளைக் கலைத்து நீண்ட வால்களை இழுத்துவிடுகிறது. வானில் உண்மையாகவே காணப்படும் வால்கள் அதே போல இருந்தன. இரண்டும் ஒன்றாகிக் குழப்பம் அடங்கியபின் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு நீள்வட்டம். கன்னிக் கொத்து என்ற திரள்கூட்டத்தின் நடுவே இருக்கும் எம்87 பல திரள்களை விழுங்கி வளர்ந்த நீள்வட்டம் என்றே கருதப்படுகிறது. 2019-இல் முதன்முதலாகப் படம் வெளியான, 650 கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளை இதன் மையத்தில்தான் இருக்கிறது. கொத்துகளின் நெரிசலில் நீள்வட்டங்களும் லென்ஸ்களும் அதிகம், ஒதுக்குப்புறத்தில் சுருள்கள் அதிகம். மோதல் ஒரு காரணம். கொத்துக்குள் வந்து விழும் சுருளின் வாயுவை, அங்குள்ள சூடான வாயு உரித்தெடுத்துவிடுவது இன்னொன்று.

நம் திரளுக்கும் இதே கதிதான், 400 கோடி ஆண்டுகளில் ஆண்ட்ரோமெடாவோடு மோதி நீள்வட்டமாகிவிடும் என்று நெடுநாள் உறுதியாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் 2025-இல் வெளியான கணக்கீடு, பெரிய மகெல்லன் மேகத்தின் இழுப்பையும் அளவீடுகளில் உள்ள பிழை வரம்பையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த 1000 கோடி ஆண்டுக்குள் இரண்டும் ஒன்றாகும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் என்கிறது. ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வரும் வேகம் நிறமாலையிலிருந்து துல்லியமாகத் தெரியும். பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் சிக்கல். அதற்கு நிறமாலை உதவாது. அதன் விண்மீன்கள் வானில் இடம் மாறுவதை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து அளக்க வேண்டும்.