பயணத்துக்கு முன் உடல் கேட்கும் அவகாசம்

வெளிநாட்டுப் பயணம் உறுதியானதும் விசா, டிக்கெட், தங்குமிடம் என்று எல்லாவற்றுக்கும் தேதி குறித்துவிடுகிறோம். மருத்துவரைப் பார்ப்பது மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. ஊசி போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்ற நினைப்புதான். போட ஒரு நிமிடம் போதும், சரி. ஆனால் அது பலன் தர உடலுக்குப் பல நாள் தேவை. புறப்படுவதற்கு 4 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

தடுப்பூசி மருந்தில் இருப்பது பெரும்பாலும் வலுவிழந்த கிருமியோ, செத்த கிருமியோ, அதன் ஒரு துணுக்கோதான். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் பி செல்கள், டி செல்கள் என வகைகள் உண்டு. பி செல்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். புதிதாக வந்த கிருமிக்குப் பொருந்தும் செல்கள் மிகச் சொற்பம். அவை கிருமியைச் சந்தித்து, டி செல்களின் உதவியோடு பல மடங்காகப் பெருகி, கிருமியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்க வேண்டும். முதலில் வரும் எதிர்ப்பொருள் அவசரத்துக்குக் கைகொடுக்கிற ரகம். கிருமியை இறுகப் பிடிக்கும் ரகம் அதற்கு அப்புறம்தான் போதிய அளவில் சேரும். இந்த வேலையை யாராலும் அவசரப்படுத்த முடியாது.

சட்டமே இந்தக் கணக்கை ஏற்றிருக்கிறது. கொசு பரப்பும் வைரஸ் நோயான மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்குள் நுழைய முடியாது. முதல்முறை ஊசி போட்டுக்கொள்பவரின் சான்றிதழ் 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். முன்பு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒரு சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். இந்தத் தடுப்பூசிக்குப் பயன்படும் 17டி என்ற வைரஸ் வகையை விஞ்ஞானி மேக்ஸ் தைலர் 1930களில் உருவாக்கினார். 1951இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். ஆகவே எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் போடுவதில்லை. முட்டையில் வளர்க்கப்படுவதால் முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உயிருள்ள வைரஸ் ஊசிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒன்றைப் போட்டதும் உடல் வைரஸ் எதிர்ப்பு நிலைக்கு மாறிவிடும். சில நாள் கழித்து வேறொன்றைப் போட்டால், அந்த இரண்டாவது வைரஸ் போதிய அளவு பெருகும் முன்பே ஒடுக்கப்படலாம். அதனால் பொதுவாக இரண்டையும் ஒரே நாளில் போடுவார்கள், இல்லையென்றால் சுமார் 4 வாரம் இடைவெளி விடுவார்கள். கடைசி வாரத்தில் போய் நிற்பவருக்கு அந்த இடைவெளி ஏது?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ நோய் மட்டும் தாமதமாக வருபவரிடம் கருணை காட்டும். அந்த வைரஸ் உடலில் புகுந்து நோயாக வெளிப்படச் சராசரியாக 4 வாரம் ஆகும். தடுப்பூசி அதைவிட வேகமாக வேலை செய்வதால், கிளம்பும் நாளில் போட்டுக்கொண்டாலும் பயன் உண்டு.

மலேரியா மாத்திரைக்கு வருவோம். பயணிகள் அதிகம் குழம்புவது இங்கேதான். மலேரியாவுக்குப் பயணிகளுக்கான தடுப்பூசி இல்லை. மாத்திரையைத்தான் நம்ப வேண்டும். சில மாத்திரைகளை ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் விழுங்கச் சொல்வார்கள். கொசுவே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்கு என்று பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். காரணம் கல்லீரலில் இருக்கிறது. கொசு கடித்ததும் ஒட்டுண்ணி நேராகக் கல்லீரலுக்குப் போய்க் குறைந்தது ஒரு வாரம் போல அங்கே மறைந்து பெருகுகிறது. அப்புறம்தான் ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களைத் தாக்கும். டாக்சிசைக்ளின், மெஃப்ளோகுயின் ஆகிய மாத்திரைகள் அதை முக்கியமாக ரத்தத்தில்தான் மடக்குகின்றன. கடைசி நாளில் கடித்த கொசுவின் ஒட்டுண்ணி வெளியே வரும்வரை மருந்தும் ரத்தத்தில் காத்திருக்க வேண்டும். அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில் என்ற மாத்திரை கல்லீரலிலேயே கைவைப்பதால் திரும்பிய பின் 7 நாள் போதும். தொடங்கும் நாளும் மருந்துக்கு மருந்து மாறும்: மெஃப்ளோகுயினைக் குறைந்தது 2 வாரம் முன்பே தொடங்குவது வழக்கம், மற்ற இரண்டுக்கும் ஓரிரு நாள் முன்னால் போதும். மெஃப்ளோகுயின் சிலருக்குக் கெட்ட கனவு, மனப்பதற்றம் தரும். ஒத்துக்கொள்ளாவிட்டால் கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்ளலாம்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோடீன், டிரமடால் போன்ற வலி மருந்துகளுக்குச் சில நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. போகும் நாட்டின் தூதரகத்திடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் விமானத்தின் சரக்கறைக் குளிரில் உறைந்துபோனால் அது வீண். கிழக்கே பறந்தால் அந்த நாள் சுருங்கும், மேற்கே பறந்தால் நீளும்; இன்சுலின் அளவை அதற்கேற்ப எப்படி மாற்றுவது என்பதையும் மருத்துவரிடம் அந்தச் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடலாம்.

மலேரியா மாத்திரையை ஒழுங்காக முடித்தவருக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. விவாக்ஸ் வகை மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மேலே சொன்ன மூன்று மருந்தும் அந்த உறக்க நிலையை ஒன்றும் செய்யாது. அதனால் மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்தவர், ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், எந்த நாட்டுக்குப் போயிருந்தார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.