புயலுக்கு முன்னாடியே ஓடி வர்ற அலை

புயல் இன்னும் ஐநூறு கிலோமீட்டர் தள்ளி நிக்கும், கரையில காத்து கூட சரியா அடிக்காது, ஆனா அலை மட்டும் பெருசு பெருசா வந்து மோத ஆரம்பிச்சிடும். ஏன்னா, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 15 செகண்ட் இடைவெளி இருந்தா அந்த அலைக்கூட்டம் ஆழ்கடல்ல மணிக்கு சுமார் 42 கிலோமீட்டர் வேகத்துல வரும், புயல் பெரும்பாலும் அதுல பாதி வேகத்துலதான் நகரும், அப்புறம் அலை முந்திக்காம என்ன செய்யும்.

இத கணிக்கிற வேவ்வாட்ச் 3, ஸ்வான் மாதிரி கம்ப்யூட்டர் மாடலுங்க கடல கட்டம் கட்டமா பிரிச்சுக்கும். ஆனா தனித்தனி அலைய அதுங்க பாக்கிறதே இல்ல. ஒவ்வொரு கட்டத்துலயும் எந்தத் திசையில, எந்த இடைவெளியில எவ்ளோ சக்தி இருக்குன்னு மட்டும்தான் கணக்கு, காத்து எவ்ளோ சேக்குது, நுரைச்சு உடையறப்ப எவ்ளோ போகுது, பக்கத்து கட்டத்துலேர்ந்து எவ்ளோ வருதுன்னு வரவு செலவு மாதிரி. கடைசியில அலை உயரம் 6 மீட்டர்னு ஒரு நம்பர் வரும். அது உயரமான மூணுல ஒரு பங்கு அலைகளோட சராசரி, அவ்ளோதான். நடுவுல ஒண்ணு 11, 12 மீட்டருக்கும் எழும்பலாம், எச்சரிக்கை படிக்கிறவங்க இத கண்டிப்பா தெரிஞ்சு வெச்சுக்கணும்.

கரைகிட்ட கணக்கு இன்னும் சிக்கல். காத்து தண்ணிய தள்ளித் தள்ளி கடல் மட்டத்தையே ஏத்திடும், காத்தழுத்தம் 1 மில்லிபார் குறைஞ்சா அதுக்கும் தனியா 1 சென்டிமீட்டர் ஏறும், அந்த ஏறுன தண்ணி மேலதான் அலை வருது.

2013 நவம்பர்ல ஹையான் புயல் பிலிப்பைன்ஸ அடிச்சப்ப ஹெர்னானிங்கிற ஊர்ல எடுத்த வீடியோ ஒண்ணு இருக்கு. தண்ணி சுவர் மாதிரி வந்து ஒரு வீட்டையே அடிச்சிட்டுப் போகுது, பாத்தா சுனாமின்னுதான் சொல்வோம். அந்தக் கரைக்கு முன்னாடி பவளப்பாறை வேற இருக்கு, அது அலைய உடைச்சு ஊர காப்பாத்தும்னுதான் யாரும் நினைப்பாங்க. ஆனா கடல்ல கொஞ்ச நேரம் பெரிய அலைகளும் கொஞ்ச நேரம் சின்ன அலைகளும் மாறி மாறி வரும்ல, பாறையில அலை உடைஞ்சாலும் அந்த மெதுவான ஏற்ற இறக்கம் மட்டும் தப்பிச்சு, பெருகி, ஒரே தண்ணிச் சுவரா கரைக்கு வந்திருக்கு. சராசரி பாக்கிற மாடலுக்கு இது கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு அலையையும் தனியா பின்தொடர்ற மாடல்லதான் ஆராய்ச்சியாளர்களுக்கு இது புடிபட்டுச்சு.

அப்ப எல்லாக் கடலுக்கும் அதையே ஓட்டலாமேன்னா, கட்டம் சில மீட்டர் அளவுக்குப் பொடிசா இருக்கணும், அவ்ளோ பெரிய கணக்கு நேரத்துக்கு முடியாது. அதனால ஆழ்கடல் மாடல் கொடுக்கிற அலைய வாங்கி, ஒரு சின்ன கரைத்துண்டுக்கு மட்டும் ஓட்டுறாங்க. அதுக்கும் கரையோர கடலடி ஆழம் துல்லியமா அளந்திருக்கணும், என்னைக் கேட்டா கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி அந்த அளவைத்தான் எடுக்கணும்.