ஊட்டிக்குச் சொன்ன வானிலை உங்கள் தோட்டத்துக்குப் பொருந்துமா?

செல்போனில் ‘நீலகிரி: லேசான மழை’ என்று வருகிறது. அதை நம்பி மருந்தடிப்பைத் தள்ளிப்போட்டவர் ஒரு பக்கம், நம்பாமல் அடித்து மருந்தையெல்லாம் மழையில் கரைத்தவர் இன்னொரு பக்கம். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஒரே வரி அறிவிப்பில் அடங்குகிற மாவட்டம் இல்லை இது. கூடலூர் சுமார் 1,070 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, ஊட்டி 2,240, தொட்டபெட்டா 2,637. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கூடலூரில் மிளகும் காப்பியும் வருவதும், ஊட்டியில் கேரட் வருவதும் முதலில் இந்தக் கணக்கால்தான்.

தேயிலை, மலைக் காய்கறித் தோட்டங்களுக்கு மண், நீர் ஆலோசனை சொல்வது என் வேலை. “பருவம் மாறிப்போச்சே சார், என்ன செய்யலாம்?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, “உங்க நிலம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?” என்பதைத்தான்.

பக்கம் அவ்வளவு முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மேற்குச் சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடும். ஆனி, ஆடியில் பந்தலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கம் வெயில் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் மிச்சமிருக்காது, அதனால் கோத்தகிரிக்கு அப்போது சாரலோடு சரி. கோத்தகிரியும் குன்னூரும் நன்றாக நனைவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையில். மசினகுடி இரண்டு பருவமழைக்கும் ஒதுங்கிய மழை மறைவுப் பகுதி.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல். முன்னது வடகிழக்குப் பருவத்தில் கிழக்கே, பின்னது தென்மேற்குப் பருவத்தில் மேற்கே. ஊட்டிக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதே சுமார் 120 சென்டிமீட்டர்தான். 80 சென்டிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் 32 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதை எந்த மண்ணும் ஒரே நாளில் குடித்துவிடாது.

வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆண்டுக் கூட்டுத்தொகை பெரிதாக மாறாமல்கூட இருக்கலாம், கொட்டுகிற நாளில் கொட்டுவது கூடுகிறது. 2024 ஜூலையில் நம் எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் மலை சரிந்ததே, அன்றைய மழையின் தீவிரத்தைப் புவி வெப்பமாதல் சுமார் 10 சதவீதம் கூட்டியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பத்து சதவீதம்தானா என்று தோன்றலாம். நீர் கோத்து நிற்கிற சரிவுக்கு அது போதும். ஆனால் சரிவை ஜேசிபி வைத்துச் செங்குத்தாக வெட்டிவிட்டு, ஓடையை மண்போட்டு மூடிவிட்டு, எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உறைபனிக்கு வருவோம். அதிகம் பேர் குழம்புவது இதில்தான். “உலகமே சூடாகுதுன்னா பனி குறையணுமே?” என்கிறார்கள். உறைபனி விழ இரண்டு விஷயம் வேண்டும்: மேகமில்லாத வானம், காற்றில்லாத இரவு. மேகம் இரவில் மலைக்குப் போர்வை. அது விலகினால் பகலில் வாங்கிய சூட்டை நிலம் விடிவதற்குள் இழந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாக விறைத்திருக்க, அதே காலையில் மேட்டில் இருக்கும் தேயிலை ஒன்றும் ஆகாமல் நிற்பது இதனால்தான். ‘குறைந்தபட்சம் 3 டிகிரி’ என்று செய்தி வந்த அன்றும் செடி கருகியிருக்கும். வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில், கூண்டுக்குள் இருக்கிறது. உங்கள் கேரட் இலையோ தரையில் கிடக்கிறது, அங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும்.

சில ஆண்டுகளில் மார்கழி வரை மேகமும் மழையும் நீள்கிறது, பனி தை, மாசிக்குத் தள்ளிப்போகிறது. அது நீர்போகத்துக்கு, அதாவது பாசன நீரில் விளையும் போகத்துக்கு, உருளைக்கிழங்கு ஊன்றும் காலம். முளைத்த குருத்து பனியைத் தாங்காது. பள்ளத்து நிலம் வைத்திருப்பவர்கள் ஊன்றுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், அல்லது பள்ளத்தை விட்டு மேட்டுப் பாத்தியில் தொடங்குங்கள். ஈர மண் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும், ஆகவே பனி வரும் என்று தெரிந்தால் முந்தின நாளே பாய்ச்சிவிடலாம். வெயில் படுமுன் ஸ்பிரிங்க்ளர் போட்டு இலையைக் கழுவுவதும், இளந்தேயிலையைப் பெரணித் தழையால் மூடுவதும் நல்ல பழக்கம்தான்.

வெயில்? 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. அந்த ஒருநாள் எண்ணை வைத்துப் பெரிதாகப் பேசினார்கள். தோட்டத்தைப் படுத்தியது கோடை மழை ஏமாற்றியதுதான். தேயிலையில் வறண்ட வெயில் நீண்டால் சிவப்புச் சிலந்தி, மூடாப்பும் சாரலும் நீண்டால் கொப்புள நோய். இரண்டும் அடுத்தடுத்து வருகிற வருடத்தில், காலண்டரைப் பார்த்து மருந்தடிப்பவர் தோற்றுப்போவார். இலையைப் புரட்டிப் பார்த்து அடிக்க வேண்டும். உருளைக்கிழங்குக்கு இரவு வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் கிழங்கு பிடிப்பது குறையும். ஊட்டி அந்த எல்லைக்கு இன்னும் வெகுதூரம். அந்தப் பயம் இப்போதைக்கு வேண்டாம்.

தண்ணீர்தான் எனக்குக் கவலை. ஊட்டி அருகே கிளன்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டுப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். ஓடையில் வரும் நீர் முதல் பத்தாண்டில் சுமார் 16 சதவீதமும், வெட்டி மறுபடி தழைத்த பிறகு சுமார் 25 சதவீதமும் குறைந்தது. மழை ஒழுங்காகப் பெய்த காலத்துக் கணக்கு அது. இப்போது மழைக்கு மழை இடைவெளி நீளும்போது, சோலையும் புல்வெளியும் சதுப்பும் மிச்சமிருக்கும் ஓடைதான் பங்குனியிலும் ஓடும்.

கேரட்டுக்கு நீர் தேங்கக் கூடாது என்று மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிப்பவர்களிடம் நான் சண்டையே போடுவேன். ஒரு பெருமழைக்கு மேல்மண் முழுக்கப் பவானிக்குப் போய்விடும். சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தோடு பாத்தி பிடித்து, ஓரத்தில் புல் வளர்த்த வாய்க்காலில் நீரை இறக்குங்கள், வேரும் அழுகாது.

அப்புறம், ஒரு மழைத் தகரம் வையுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கும் டப்பா, ஒரு ஸ்கேல், மரத்தடியில்லாத திறந்த இடம். தினம் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டர். விடாமல் பெய்யும் நாட்களில், அளப்பதோடு நிற்காமல் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். தரையில் புது விரிசல், சாய்ந்த மின்கம்பம், திடீரென்று இறுகிப்போன கதவு, கலங்கி வரும் ஊற்று, இதில் ஒன்று தெரிந்தாலும் கீழே லைன் வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருப்பவர்களை இருட்டுவதற்குள் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லுங்கள்.