மயிரிழைச் சந்துகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினைப் பிரித்துப் போட்டால் மேஜை நிறைய இரும்புதான். அதைத் திரும்பக் கோர்ப்பவரின் நேரமோ, அந்த இரும்புகளுக்கு நடுவே விட வேண்டிய சந்துகளை அளப்பதிலேயே கழிகிறது.

1962 முதல் 1980 வரை பிரிட்டனில் தயாரான எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், 1,798 சி.சி. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 80.26 மி.மீ. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையத்தின் இரு முனைகளும் ஒட்டாமல் சிறு பிளவு விட்டிருப்பார்கள். புதியவர்களுக்கு அது குறைபாடாகவே படும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 252 மி.மீ.; 100 டிகிரி சூடேறினால் வார்ப்பிரும்பு கால் மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சிலிண்டரும் விரியும், ஆனால் வளையத்தின் அளவுக்குச் சூடாவதில்லை. பிளவு போதாவிட்டால் முனைகள் முட்டும், வளையம் சிலிண்டர் சுவரைக் கீறும், கடைசியில் உடையும். அதனால்தான் வளையத்தை வெறும் சிலிண்டருக்குள் இறக்கி, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டைப் பிளவில் நுழைத்துப் பார்த்த பிறகே பிஸ்டனில் மாட்டுகிறார்கள்.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு கிராங்க் ஷாஃப்ட். அதைத் தாங்கும் பேரிங்கில் சந்து இன்னும் நுண்மையானது. தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும். ஓடும்போது ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதே இல்லை. சுழற்சி எண்ணெயை இழுத்து ஆப்புபோல அடியில் செருகுகிறது. ஷாஃப்ட் அதன்மேல் மிதக்கிறது. சந்து பெருத்தால் எண்ணெய் பக்கவாட்டில் ஒழுகி அழுத்தம் இறங்கும். சிறுத்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இதை அளக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் இழையை ஷாஃப்டின் மேல் வைத்து, பேரிங்கின் மூடியை டார்க் ரெஞ்சால் உரிய இறுக்கத்துக்கு முடுக்கி, ஷாஃப்டைத் துளியும் சுழற்றாமல் மீண்டும் கழற்ற வேண்டும். இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். பட்டை அகலமாக இருந்தால் சந்து குறைவு. உறையிலேயே அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பற்றவைப்பு. இங்கே விட வேண்டிய இடைவெளி காலத்தில். பெட்ரோல் கலவை எரிந்து முடிய ஏறத்தாழ இரண்டு மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000 ஆர்பிஎம் வேகத்தில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு மில்லிசெகண்டில் 18 டிகிரி திரும்பிவிடும். எனவே பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் பொறி விட்டால் அழுத்தம் காலம் கடந்துதான் கிடைக்கும். முன்கூட்டியே விட வேண்டும். வேகம் கூடக் கூட, பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைக்கட்டிகள் வெளிநோக்கி விரிந்து பொறியை மேலும் முன்னே தள்ளுகின்றன. இந்த ஏற்பாட்டில் கணினி கிடையாது, இரண்டு ஸ்பிரிங்குகள் உண்டு. அவை தளர்ந்துபோனால் பொறி அளவுக்கு மீறி முந்திவிடும்; எஞ்சின் புதிதாக இருந்தும் ‘டக் டக்’கென்று தட்டும்.

காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். எம்ஜிபி பெரும்பாலும் எஸ்யு என்ற வகைக் கார்புரேட்டர்கள் இரண்டோடு வந்தது. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்பது பழைய முறை. ‘உஸ்’ ஒலி இரண்டிலும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்ப வேண்டும். பிறகு கலவைச் சோதனை: கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் ஆடும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கினால், வேகம் லேசாகக் கூடி உடனே நிலைக்குத் திரும்ப வேண்டும். ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அடங்கினால் குறைவு.

எல்லாம் சரியாக இருந்தும் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி திணறுகிறதா? கார்புரேட்டர் பிஸ்டனின் தலைக்குழலில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் அது இழுத்துப் பிடித்தால்தான் மிதித்த கணத்தில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும். சில சொட்டு எண்ணெய்தான். ஆனால் அது இல்லாததைக் கவனிக்காமல் கார்புரேட்டரையே மறுபடி பிரித்தவர்கள் உண்டு.