மவுண்டன் பைக்கில் மோட்டார்: எதுவரை சைக்கிள், எப்போது மோட்டார் வாகனம்?

மவுண்டன் பைக்கில் மோட்டார் மாட்டி ரோட்டில் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா, நம்பர் பிளேட் வேண்டுமா? மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்து வரும் கிட்டை விற்பவரிடம் கேட்டால் "250 வாட்தான் சார், எதுவும் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதில் பாதிதான் சரி. சட்டத்தில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த விலக்கு முழு வண்டிக்கும் சேர்த்து, சில நிபந்தனைகளைச் சோதித்துப் பார்த்த பிறகு கிடைப்பது. மோட்டார் மேல் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து யாரும் விலக்குத் தருவதில்லை.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. பேட்டரி மோட்டார் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் விதி 2(யு). பெட்ரோல் எஞ்சின் என்றால் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 2(28). இரண்டின் கணக்கும் வேறு வேறு. ஒன்றின் எல்லையை மற்றதற்குப் போட்டுப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம்.

விதி 2(யு) என்ன கேட்கிறது

பேட்டரியில் மட்டும் ஓடும் வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாமல் இருக்க, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும்; உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.-க்குக் குறைவாக இருக்க வேண்டும். பெடல் அசிஸ்ட் சைக்கிளுக்கு (மிதிக்கும்போது மட்டும் மோட்டார் உதவும் வகை) இதே திறன் வரம்போடு இன்னொன்றும் உண்டு: வேகம் ஏற ஏற மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து, 25 கி.மீ.-யைத் தொடும்போது முழுதாக நின்றுவிட வேண்டும். அதற்கு முன்பே ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் அங்கேயே நிற்க வேண்டும். சரியான பிரேக், முன்னால் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும். பேட்டரியைக் கழித்து வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது.

எடை பற்றிக் கவலையே வேண்டாம். 15 கிலோ சைக்கிளில் 5 கிலோ கிட் ஏற்றினாலும் எல்லையில் பாதிகூட வராது. ரிஃப்ளெக்டர்தான் பலர் கோட்டைவிடும் இடம். மவுண்டன் பைக் வாங்கியதும் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். திரும்ப மாட்டுங்கள்.

இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் முன்னால், அவை "விதி 126-இல் சொன்ன சோதனை நிறுவனத்தால் சரிபார்க்கப்பட்டு அங்கீகரிக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட் போன்றவை அந்த நிறுவனங்கள். கடையில் வரும் மின்சைக்கிளுக்கு இந்தச் சான்றை உற்பத்தியாளர் மாடல் வாரியாக வாங்கி வைத்திருப்பார். வாங்கும்போதே ஒரு நகல் கேட்டுப் பெறுங்கள். வீட்டில் நாமே கட்டிய சைக்கிளுக்கு அந்தத் தாள் கிடையாது. ஒரே ஒரு சைக்கிளுக்காகச் சோதனைக்குப் போவது கட்டுப்படியும் ஆகாது. ஆக, எல்லா அளவும் வரம்புக்குள் இருந்தாலும், விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் சொந்தமாகக் கட்டியதற்கு விலக்கு தானாக வந்து சேராது. வரம்புக்குள் கட்டினால் ஆபத்தும் தகராறும் வெகுவாகக் குறையும். சான்று இல்லை என்ற ஓட்டை மட்டும் அடைபடாது. இதைத் தெரிந்துகொண்டே ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். ஐரோப்பிய வரம்பு 250 வாட் வரை; இங்கே 0.25 கிலோவாட்டுக்கு "குறைவு". துல்லியமாக 250 என்று அச்சிட்ட மோட்டார் அங்கே வரம்புக்குள், இங்கே எல்லைக் கோட்டின் மேல். அமெரிக்கச் சந்தைக்கு 750 வாட், மணிக்கு 32 கி.மீ. என்று செய்த கிட் இங்கே எந்த வாதத்திலும் சைக்கிள் ஆகாது.

30 நிமிடத் திறன் என்பது

மோட்டார் சூடேறிக் கெடாமல் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன் இது. ஏஐஎஸ் 049 என்ற வாகனத் தொழில்துறைத் தரநிலை இதை வரையறுக்கிறது. ஏஐஎஸ் 041 அளக்கும் முறையைச் சொல்கிறது. நொடி நேர உச்சம் வேறு. 36 வோல்ட் பேட்டரியோடு 15 ஆம்ப் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வைத்தால் உள்ளே போவது 540 வாட். 80 சதவீதம் வெளியே வந்தாலும் சக்கரத்தில் 430 வாட். இது மட்டுமே மீறல் ஆகிவிடாது, ஏனென்றால் விதி கேட்பது தொடர் திறனை. ஆனால் 48 வோல்ட், 25 ஆம்ப் கன்ட்ரோலரை மாட்டிவிட்டு ஸ்டிக்கரைக் காட்டி வாதாடுவது வேறு கதை. பெடல் அச்சில் உட்காரும் சில மிட் டிரைவ் வகைகளில் 250, 350 வாட் இரண்டுக்கும் மோட்டார் ஒன்றே, கன்ட்ரோலரின் ஆம்ப் வரம்பு மட்டும்தான் மாறும். வாங்கும்போது கன்ட்ரோலர் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பைப் பாருங்கள்.

மேட்டில் இந்தத் திறன் போதுமா? வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ, சாய்வு 10 சதவீதம், வேகம் மணிக்கு 10 கி.மீ. என்றால் ஏறுவதற்கு மட்டும் சுமார் 270 வாட் வேண்டும். மோட்டாரோடு நீங்களும் 100 வாட் மிதித்தால் தாராளமாக ஏறும். மிதிக்காமல் முழுச் சுமையையும் மோட்டார் தலையில் போட்டால் சக்கரத்தின் நடுவில் உட்காரும் ஹப் மோட்டார் மெதுவாகச் சுற்றி, கரண்ட்டை எல்லாம் வெப்பமாக்கி, உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். நீண்ட மேடு உள்ள இடத்துக்கு, சைக்கிளின் கியரைப் பயன்படுத்திக்கொள்ளும் மிட் டிரைவ்தான் சரி. ஆனால் அது 68 அல்லது 73 மி.மீ. மரையுள்ள பாட்டம் பிராக்கெட்டில் (பெடல் அச்சு நுழையும் குழாய்) நேராக உட்காரும். மரை இல்லாத பிரஸ்ஃபிட் ஃபிரேமுக்கு அடாப்டர் தேடியாக வேண்டும்.

வேக வரம்பு தவறுவது எங்கே

டிஸ்பிளேயில் சக்கர அளவைத் தப்பாகப் போடுவதில்தான். கிட் பெரும்பாலும் 26 அங்குல அமைப்போடு வரும். 26 × 1.95 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2,050 மி.மீ.; 29 × 2.1 டயருக்கு 2,290 மி.மீ. 29 அங்குலச் சக்கரத்தில் மாட்டிவிட்டு அமைப்பை மாற்றாமல் விட்டால், திரையில் 25 காட்டும்போது வண்டி 28-இல் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் எதையும் "அன்லாக்" செய்யவில்லை. ஆனாலும் வரம்பு போய்விட்டது. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, மேலே உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் டேப் வைத்து அளந்து அந்த எண்ணையே கொடுங்கள். சென்சார் எதை அளக்கிறது என்பதும் முக்கியம். கியர் உள்ள ஹப் மோட்டாரில் உள்ளே கிளட்ச் இருப்பதால், மோட்டார் நின்றபின் சக்கரம் சுற்றுவது மோட்டாருக்குள் இருந்து அதன் சுற்றை உணரும் ஹால் சென்சாருக்குத் தெரியாது. சக்கரத்தின் வேகத்தைத் தனியாக அளக்கும் சென்சார் உள்ள கிட்டையே எடுங்கள்.

மோட்டாரின் சுற்றை மட்டும் நம்பியும் பயனில்லை. 36 வோல்ட்டில் 201 ஆர்பிஎம் என்று விற்பதை 42 வோல்ட்டில், அதாவது முழு சார்ஜில், தூக்கிச் சுற்றவிட்டால் 234 வரை போகும். 29 அங்குலச் சக்கரத்தில் அது மணிக்கு 32 கி.மீ. வரம்பைப் பிடித்து வைப்பது கன்ட்ரோலர் மட்டுமே.

திராட்டில் (கையால் திருகி மோட்டாரை ஓட்டுவது) பற்றி: மிதிக்காமலே ஓடினால் அது பெடல் அசிஸ்ட் என்ற வரையறைக்குள் வராது. அப்போது 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, 25 கி.மீ.-க்குக் குறைவு என்ற பொது நிபந்தனைகளில்தான் அது நிற்க வேண்டும். திராட்டிலைக் கழற்றிவிட்டு பெடல் சென்சாரை மட்டும் வைத்துக்கொண்டால் வழியில் நிறுத்திக் கேட்பவரிடம் விளக்குவதும் எளிது.

பிரேக் விஷயத்தில் விதி ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. நீங்கள் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். 180 மி.மீ. டிஸ்க், மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லீவர் இரண்டும் வையுங்கள். ஹைட்ராலிக் லீவர் என்றால் அதன் மேல் ஒட்டும் காந்த சென்சார் தனியாக வரும். ஹப் மோட்டாரை அலுமினிய சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் மாட்டாதீர்கள். அச்சின் தட்டைப் பக்கம், அச்சு உட்காரும் பிளவான டிராப்-அவுட்டைத் திருகித் திருகி விரிசல் விடவைக்கும். அது உடைந்தால் முன் சக்கரமே கழன்று போகும். பின் சக்கரத்தில், 135 மி.மீ. இடைவெளியுள்ள ஃபிரேமில், அச்சு திரும்பாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் போட்டு நட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். அச்சு பிளவில் உட்காராமல் துளை வழியாக நுழையும் 12 மி.மீ. த்ரூ-ஆக்ஸில் ஃபிரேமில் வழக்கமான ஹப் மோட்டார் உட்காராது. பேட்டரி பிளஸ் ஒயரில், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ் போடுங்கள்.

பெட்ரோல் எஞ்சின்: 25 சிசி

மூன்று சக்கரம் வரை உள்ள வண்டியில் எஞ்சின் கொள்ளளவு 25 சிசி-யைத் தாண்டாவிட்டால் அது "மோட்டார் வாகனம்" என்ற வரையறைக்கு வெளியே என்று பிரிவு 2(28) சொல்கிறது. இங்கே வாட் கணக்கும் இல்லை, 25 கி.மீ. கணக்கும் இல்லை. ஆனால் சைக்கிளுக்கென்று விற்கும் டூ-ஸ்ட்ரோக் கிட் எதுவும் இதற்குள் வராது. "80 சிசி" என்று பெயர் சொல்லி விற்பதன் துளை 47 மி.மீ., ஸ்ட்ரோக் 38 மி.மீ.; கணக்குப் போட்டால் 65.9 சிசி. சிறியதன் துளை 40 மி.மீ., அதுவே 47.8 சிசி. இரண்டுமே மோட்டார் வாகனம்தான். பெடல் இருக்கிறது என்பதற்காகச் சட்டம் விட்டுவிடாது.

மிஞ்சுவது புல், புதர் வெட்டும் பிரஷ் கட்டரின் எஞ்சின். அதிலும் 35 மி.மீ. துளை, 26 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் 25.01 சிசி வரும். பெட்டியில் 25 என்றுதான் அச்சிட்டிருக்கும். அந்த அச்சிட்ட விவரத் தாளைப் பத்திரமாக வையுங்கள். டூ-ஸ்ட்ரோக் கிட்டில் பின் ஸ்புராக்கெட்டை ஸ்போக்கோடு ரப்பர் வைத்து இறுக்குவார்கள். டிஸ்க் பிரேக் உள்ள ஹப்பில் அதற்கு இடம் இருக்காது. இடம் இருந்தாலும் கரடுமுரடான பாதையில் ஸ்போக் ஒவ்வொன்றாக அறும்.

வரம்பைத் தாண்டினால்

தாண்டிய நிமிடமே அது பைக், ஸ்கூட்டர் போல ஒரு மோட்டார் வாகனம். 2019 திருத்தத்துக்குப் பிந்தைய தொகைகள்: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் பிரிவு 181-இன்படி 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதிவு இல்லாவிட்டால் பிரிவு 192-இன்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் பிரிவு 196-இன்படி முதல் முறை 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், கூடவே மூன்று மாத லைசென்ஸ் தகுதியிழப்பு. அபராதத்தைக் கட்டிவிடலாம். யார் மீதாவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனத்தின் இழப்பீட்டை நீங்களே சொந்தக் காசில் கொடுக்க வேண்டும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

"சரி, பதிவு செய்துவிடலாமே" என்றால், அந்தக் கதவும் ஏறக்குறைய மூடியதுதான். ஆர்டிஓ கேட்கும் படிவம் 22 உற்பத்தியாளர் தர வேண்டிய தகுதிச் சான்று. வீட்டில் கட்டிய வண்டிக்கு அதைத் தர ஆள் இல்லை.

வீட்டில் 18 வயது ஆகாத பிள்ளை இருந்தால் கூடுதல் கவனம். 50 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளை 16 வயதில் லைசென்ஸ் வாங்கி ஓட்டலாம். 66 சிசி கிட்டுக்கு 18 ஆக வேண்டும். மீறினால் பிரிவு 199ஏ-இன்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். வரம்பு மீறிய சைக்கிள்களைக் கட்டி விற்பவர்களுக்குப் பிரிவு 182ஏ இருக்கிறது: உற்பத்தியாளரோ டீலரோ விதிக்கு மாறான மோட்டார் வாகனத்தை விற்றால் வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

"தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுகிறேன்" என்பவர்கள் கவனிக்க: லைசென்ஸும் இன்சூரன்ஸும் கேட்கும் பிரிவுகள் "பொது இடம்" என்கின்றன. ஆனால் பதிவைக் கேட்கும் பிரிவு 39 "பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ" என்கிறது. ஆக, வரம்பு மீறிய வண்டி என்றால் தோட்டத்துக்குள்ளும் பதிவுக் கேள்வி வரும்.

மலைப் பாதையில் ஓட்டத்தான் இதைக் கட்டுகிறீர்கள் என்றால், மோட்டார் வாகனச் சட்ட விலக்கு காட்டுக்குள் செல்லாது. காப்புக்காடு வனச் சட்டத்தின் கீழும், சரணாலயம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழும் வருகின்றன. அங்கே மோட்டார் இல்லாத சைக்கிளுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் மோட்டார் இருப்பதை மறைக்காதீர்கள்.