வாட்ச் எண்ணுவது நாடியையா, நடையையா?

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச், அவர் தோட்டத்துக்கு நடக்கும்போதெல்லாம் நாடி 115, 116 என்றே காட்டுகிறது. ஏற்றமானாலும் இறக்கமானாலும் அதே எண்தான். இதயத்தில் கோளாறா?"

இறக்கத்திலும் எண் மாறவில்லை என்று கவனித்தாரே, விடை அங்கேதான் இருக்கிறது.

வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் சுருங்கும்போதெல்லாம் மணிக்கட்டுத் தோலுக்கடியில் ரத்தம் சற்றே கூடும். திரும்பி வரும் ஒளி சற்றே குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி.

சரி, நடந்தால் என்ன ஆகிறது? கால் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் ரத்தம் குலுங்கும், வாட்ச்சும் தோலைவிட்டு இம்மியளவு விலகும். இதனால் வரும் ஒளி மாற்றம் பலநேரம் நாடியால் வருவதைவிடப் பெரிது. அதனால்தான் உள்ளே அசைவை அளக்க முடுக்கமானி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். அசைவின் தாளத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் நாடி. அழகான யோசனை! ஆனால் வேக நடை நிமிடத்துக்கு 110, 120 காலடி. நடப்பவரின் நாடியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். கோயில் கொடைவிழாவில் இரண்டு மேளக்காரர்கள் ஒரே காலத்தில் வாசித்தால் எந்த அடி யாருடையது என்று எப்படிச் சொல்வது? மென்பொருளும் குழம்பி, நடையையே நாடியென்று பிடித்துக்கொள்கிறது. நாடியாக இருந்தால் ஏற்றத்தில் கூடி இறக்கத்தில் குறைந்திருக்கும்; நடையின் தாளம் என்பதால்தான் எண் மாறவில்லை.

வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாமல் கட்டச் சொல்லுங்கள். வழியில் நின்றவுடன் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிப் பார்க்கட்டும்.

ஊர் ஊராக வாட்ச் கொடுத்து மேடையில் படம் எடுப்பதைவிட, விரலால் நாடி எண்ணும் இந்தப் பாடத்துக்குப் பணம் செலவழிக்கலாம் என்பேன். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களைவிட நல்ல ஆசிரியர் யார்?

காலையில் எழுந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் விரலால் எண்ணியும் நாடி அடிக்கடி 100-ஐத் தாண்டினாலோ, துடிப்பு தாறுமாறாக வந்தாலோ ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் வாட்ச்சைப் பார்க்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.