அகழியும் அணுகுகுழியும்

இசுப்பானிய வாரிசுரிமைப் போரில், 1708 ஆகஸ்டில், ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜினின் படை பிரான்சின் லீல் நகரை முற்றுகையிட்டது. இத்தகைய முற்றுகைகளைத் தமிழில் எழுதுவோர், 'முற்றுகையிட்டோர் அகழி வெட்டத் தொடங்கினர்' என்று கூசாமல் எழுதிவிடுகின்றனர். கோட்டையைக் காக்கும் அகழியைத் தாக்க வந்தவர்கள் எதற்கு வெட்டினார்கள்?

இங்கே 'அகழி' என்று மொழிபெயர்க்கப்படும் மூலச்சொல்லான 'திரான்ஷே', வெட்டுதலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. ஆங்கில 'டிரெஞ்ச்' அதன் உறவு. வேர் இவ்வளவே சொல்லும். பொருளைப் பயன்பாட்டில்தான் தேட வேண்டும். ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு லீலின் முன்னே வெட்டத் தொடங்கியவை, மதிலிலிருந்து வரும் குண்டு நீளவாக்கில் பாய்ந்துவிடாதபடி கோணல்மாணலாகக் கோட்டையை நோக்கி நகர்ந்த பள்ளங்களும், மதிலுக்கு இணையாகப் படை திரள்வதற்கென்று வெட்டிய பள்ளங்களுமாகும். இம்முறையை 1673இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் நிலைநாட்டிய பிரெஞ்சுப் படைப் பொறியாளர் வோபானே லீலின் ஐங்கோண உட்கோட்டையையும் வடிவமைத்தவர்.

அகழ்தல் என்றால் தோண்டுதல், ஆகவே தோண்டியதெல்லாம் அகழிதான் என்று வாதிடுவோர் உண்டு. அப்படியானால் கிணறும் அகழி, குளமும் அகழி. வேர் பொதுவானதாயினும் வழக்கு அச்சொல்லை மதிலைச் சூழ்ந்த பள்ளத்துக்கே உரியதாக்கிவிட்டது. வேலூர்க் கோட்டையைப் பார்த்தவர் எவரும் இதில் ஐயப்படமாட்டார். மேலும், முற்றுகையிடுவோரின் பள்ளம் சென்று முட்டுவதே கோட்டையின் அகழி விளிம்பில்தான் என்பதால், இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆள்பவர் 'அகழி வழியே சென்று அகழியை அடைந்தனர்' என்று எழுத நேரும்.

'பதுங்குகுழி' இதைவிட மேல் என்பார்கள். ஈழத்தில் வீட்டுக்கு வீடு வெட்டப்பட்ட அக்குழிக்கு அச்சொல் மிகப் பொருத்தம். அங்கே மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்கினர். லீலில் பள்ளம் வெட்டியவர்களோ ஒவ்வோர் இரவும் முன்னேறினர். பதுங்குவதும் நெருங்குவதும் ஒன்றல்ல.

நான் ஆள்வது 'அணுகுகுழி'. 'குழி' நீளத்தைக் காட்டாது என்னும் குறையை ஏற்கிறேன். வாய்க்காலின் 'கால்' நீளத்தைக் காட்டும், ஆனால் 'வெட்டுக்கால்' என்றால் வாசகர் மருத்துவமனையை நினைத்துவிடுவார். இணையாக ஓடுவதை 'இணைகுழி' எனலாம். சிலர் எழுதும் 'இணைகோடு' வடிவியல் வகுப்புக்குரியது. படத்தில் கோடாகத் தெரிவதை மண்ணிலும் கோடு என்றே எழுதும் மொழிபெயர்ப்பாளர், மண்வெட்டியை மறந்து அகராதியை மட்டும் புரட்டுகிறார்.